பிடுங்காத வரிசை

நம் விதைத் தோட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. செண்டுமல்லிப் பாத்தி முழுவதும் ஒரே நிறமாக, ஒரே சீராகப் பூத்து நிற்கும்போது கிழக்கோரத்தில் ஒரு வரிசை மட்டும் ஏன் கண்டபடி நிற்கிறது? ஒரு செடி பூத்து உதிர்ந்திருக்கிறது, பக்கத்துச் செடியில் மொட்டே இல்லை. அதைச் சுத்தம் செய்ய ஆள் இல்லையா? கேட்டால் பழைய ஆட்கள், "அது ஷகீலா வரிசை, கை வெக்காதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது என்ன கதை என்று சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்காது. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

முழங்கால் தேய்ந்து போனதால் ஐம்பது தாண்டியதுமே வேலையை விட்டுவிட்டேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் முன்னால் வந்து பேசும்படி, நம் விதை ரகங்களைக் கவனிக்கிற மேடம் என்னைக் கூப்பிட்டார். கூட்டம், மைக் எல்லாம் எனக்கு ஆகாது. எழுதித் தருகிறேன் மேடம் என்றேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாற்று விடுவது, நுனி கிள்ளுவது, மருந்தடிப்பது எல்லாம் உங்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அவசரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும்போது என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் தோட்டம் விற்பது பூ அல்ல, விதை. அதிலும் நாம் விற்பது நேரம். ஆயுத பூஜைக்கு முன்னால் பூக்கிற செண்டுமல்லிக்கு ஒரு மதிப்பு, பண்டிகை முடிந்து பூக்கிறதற்கு வேறு மதிப்பு. திமிரிப் பக்கத்து விவசாயி நம் முன்பூ விதையை வாங்கிப் போடுகிறார் என்றால், எல்லாச் செடியும் சேர்ந்து பூத்து, சேர்த்துப் பறித்து, வேலூர் மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றலாம் என்ற நம்பிக்கையில்தான் போடுகிறார். பாதிச் செடி பண்டிகைக்கு அப்புறம் பூத்தால் அந்தப் பூவை மாடுகூடத் தின்னாது.

அப்போது எங்களிடம் இரண்டு ரகம் இருந்தது. முன்பூ ரகம் ஆரஞ்சு நிறம். பின்பூ ரகம் மஞ்சள். அது கார்த்திகை வாக்கில் பூக்கும். இரண்டின் விதைகளும் விதை ரூமில் தனித்தனி டப்பாவில் இருக்கும். அந்த ரூமின் சாவி ஷகீலாவிடம் இருந்தது.

ஷகீலாவும் நானும் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒரே லைனில் உட்கார்ந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைத்தவர்கள். நான் முதலில் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். சில வருடம் கழித்து அவளும் வந்தாள். எங்களுக்கு மேலே இருந்தவரும் அங்கிருந்து வந்தவர்தான். கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இங்கே தோட்ட சூப்பர்வைசர் ஆன பிறகும் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். தங்கமான மனிதர். வெயிலில் எங்களை நிற்க வைத்துவிட்டு அவர் நிழலில் நின்றதில்லை. ஆனால் லைனில் பழகிய பழக்கம் அவரோடு தோட்டத்துக்கும் வந்துவிட்டது.

லைனில் ஒவ்வொரு பண்டலோடும் ஒரு சீட்டு போகும். யார் கை பட்டதோ அவர்கள் நம்பர் அதில் ஏறும். கடைசியில் செக்கர் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் சீட்டில் கடைசியாக யார் நம்பர் இருக்கிறதோ அவர்களிடம்தான் பண்டல் திரும்பி வரும். தோலிலேயே கோளாறு இருக்கலாம், வெட்டும்போதே கோணியிருக்கலாம். அதையெல்லாம் தேட லைனுக்கு நேரம் கிடையாது. கடைசியாகத் தொட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஷகீலாவை அங்கே வேலையிலிருந்து நிறுத்தியதே அப்படித்தான். வெட்டியதில் இருந்த கோணலுக்கு அவள் தையல் மேல் பழி வந்தது. இந்த ஊரில் வேலையை விட்டு நிறுத்திய கதை பஸ்ஸில் ஏறி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ரொம்ப நாள் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான்தான் மேடத்திடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டேன்.

அவள் வந்த பிறகு விதை ரூம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மஞ்சள் டப்பாவைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் ஆரஞ்சு டப்பாவைத் தொடுவாள். நாங்கள் கிண்டல் செய்வோம். "நீங்க சிரிங்கக்கா, ஒருவாட்டி பட்டவளுக்குத்தான் தெரியும்" என்பாள்.

அந்த வருடம் விதைக் கம்பெனிக்காரர்கள் பெங்களூரிலிருந்து எங்கள் முன்பூ பாத்தியைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் பெரிய ஆர்டர். பாத்தி பூக்கத் தொடங்கியது. அங்கங்கே சில செடியில் மஞ்சள் பூ வந்தது. வழக்கம் போலப் பிடுங்கிக் குழியில் போட்டோம். நிறம் மாறி வருகிற செடியைக் கலவன் என்போம். கலவனைப் பிடுங்குவது பல் தேய்ப்பது மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதற்கு அப்புறம்தான் பெரிய கோளாறு தெரிந்தது. சுற்றிலும் செடிகள் ஆரஞ்சாக நிற்க, நடுநடுவே நிறையச் செடிகள் பச்சையாகவே நின்றன. மொட்டின் அறிகுறியே இல்லை.

மாஸ்டர் பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றினார். நேராக விதை ரூமுக்குப் போனார். ஷகீலாவிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, களை எடுக்கப் போகச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் வந்துபோனதும் முதலாளியிடம் பேசி அவளை நிறுத்திவிடுவது என்று அவர் மனதில் முடிவாகிவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் இருந்தாள்.

"நான் கலக்கலக்கா."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு இன்னா? அங்கயும் உங்களுக்குத் தெரியும்."

அந்தப் பேச்சு எனக்குள் குத்தியது. அங்கே லைனில் நான் அவளுக்குப் பக்கத்து மிஷின். அவள் மேல் பழி வந்த அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கும் ஆள் இல்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் குழியில் கிடந்த வாடின மஞ்சள் பூக்கள் கண்ணில் பட்டன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் என்றால் பின்பூ. பின்பூ விதை ஆரஞ்சு டப்பாவில் விழுந்திருந்தால், அது முளைத்து கார்த்திகையில் அல்லவா பூக்க வேண்டும்? இந்த மஞ்சள் ஏன் ஆரஞ்சோடு சேர்ந்து இப்போதே பூத்தது?

மேடம் அப்போது பெங்களூரில் இருந்தார். போன் செய்து பேச எனக்கு வராது. வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று பார்த்தேன். பேசினேன், அழித்தேன், மறுபடி பேசினேன். ஒருவழியாக அனுப்பினதும் அவரே கூப்பிட்டார்.

"மஞ்சளா? எப்போ பூத்துச்சு?"

"ஆரஞ்சு கூடவே, மேடம். ஒண்ணு ரெண்டு அதுக்கும் முன்னாடி."

"அந்தச் செடி இருக்கா?"

"பிடுங்கிப் போட்டாச்சு."

 அவர் நிதானமாக விளக்கினார். எனக்கு அன்று புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

செடிக்கும் நம்மைப் போல அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு மரபணு வருகிறது. நம் ரகங்களில் முந்திப் பூக்க வைக்கும் மரபணு ஒன்று இருந்தாலே போதும், செடி முந்திப் பூத்துவிடும். பிந்த வைப்பது சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சும் மஞ்சளும் அப்படித்தான். ஆரஞ்சு ஒன்று இருந்தால் மஞ்சள் வெளியே தெரியாது. ஆக, எப்போதோ பின்பூச் செடியின் மகரந்தம் நம் முன்பூவில் விழுந்திருந்தால், அந்த விதையில் வரும் செடி முந்திப் பூக்கும், ஆரஞ்சாகப் பூக்கும், பார்க்க ஒரு குறையும் இருக்காது. அந்தச் செடிகள் தங்களுக்குள் சேர்ந்து அடுத்த தலைமுறை வரும்போதுதான் ஒளிந்திருந்தது வெளியே வரும். அப்போது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வரும். முந்திப் பூக்கிற மஞ்சளும் இருக்கும். பிந்திப் பூக்கிற ஆரஞ்சும் இருக்கும்.

"டப்பாவுல விதை கலந்திருந்தா பிந்துற செடி அத்தனையும் மஞ்சளாத்தான் பூக்கும். அதுல ஆரஞ்சும் வந்தா, அது வயல்லயே நடந்த கலப்பு. ஆனா பூத்தாதான் தெரியும். நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பச்சைச் செடியைப் பிடுங்க விடாதீங்க."

தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டியது மாஸ்டர் பொறுப்பு, முதலாளியும் அவர் பக்கம்தான் இருப்பார், போனில் நான் சொன்னால் வீம்பு வரும், நீங்களே பக்குவமாகப் பேசுங்கள் என்றார். பேசவே வராத என்னைப் போய்ப் பக்குவமாகப் பேசச் சொன்னார் மேடம்.

மறுநாள் காலை பிடுங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அதற்கு அடுத்த நாள் வருகிறார்கள். மேற்குப் பக்கத்திலிருந்து வேலை தொடங்கியது. பூக்காத செடி ஒவ்வொன்றாகக் கூடைக்குப் போனது. நான் அந்த நேரம் என்ன யோசித்தேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முழுப் பாத்தியையும் விடுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. மாஸ்டருக்கும் நாளையை நினைத்து ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். அவர் கொடுக்கக்கூடியதை மட்டும் கேட்க வேண்டும். ஆனால் கேட்பது நமக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். கிழக்கு ஓர வரிசையில் போய் நின்றேன்.

"இன்னாக்கா, வழில நிக்கிறீங்க."

"இந்த ஒரு வரிசையை விட்ருங்க, மாஸ்டர். ரோட்டுப் பக்கம் தெரியாது."

"எதுக்கு?"

"பூக்கட்டும்."

"பூத்தா மட்டும்? டப்பா அவ கையில, சாவி அவ கையில. வேற யாரைப் போய்க் கேக்குறது?"

மேடம் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பாதியில் குழறியது. மரபணு என்ற சொல்லே அந்த நேரம் வாயில் வரவில்லை. கடைசியில், "எல்லாம் மஞ்சளா பூத்துதுன்னா ஷகீலாவை நானே வெளி கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். கூடவே நானும் வேலைய விட்டு நின்னுக்கிறேன்" என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. வாயை விட்டு வந்துவிட்டது. பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு வரிசை தள்ளிக் களை கொத்திக்கொண்டிருந்த ஷகீலா மட்டும் நிமிரவில்லை.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பேஜார் பண்றீங்கக்கா" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, அந்த வரிசையை விட்டுவிடச் சொன்னார்.

மறைவாக இருக்கிறது என்று நான் சொன்ன அந்த வரிசைக்குத்தான் கம்பெனிக்காரர்கள் நேராக வந்து நின்றார்கள். அனுபவம் உள்ளவர்கள் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இது என்ன என்று கேட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். உரம் சேரவில்லை, நிழல் விழுகிறது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. ஆனால் அதை நம்பி அவர்கள் விதை வாங்கிப் போனால் நாளைக்கு எத்தனை பேர் நிலத்தில் இதே பச்சை நிற்கும்?

"என்னன்னு இன்னும் தெரியலைங்க. பூத்ததும் தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் சொல்றோம்" என்றேன்.

அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆர்டர் தரவில்லை. முதலாளி இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சரியான முடிவு எடுத்தால் உடனே கைதட்டுவார்கள் என்று இருக்காதீர்கள்.

அப்புறம் காத்திருப்பது. செடியை அவசரப்படுத்த முடியாது. தினமும் காலையில் வந்ததும் அந்த வரிசையை ஒரு நடை பார்ப்பேன். ஆயுத பூஜை வந்தது, போனது. தீபாவளியும் போனது. ஷகீலா களை எடுத்துக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, சாவியைத் தரவும் இல்லை. வீட்டில் கேட்டால் விதை ரூமில்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் மொட்டு விரிந்தது. மஞ்சள்.

நான் பார்க்கும்போது மாஸ்டர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார். ஷகீலாவும் வந்து பார்த்தாள். "போலாமாக்கா கேட்டுக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். முகம் சிரிக்கவில்லை.

"ஒரு பூவை வெச்சு லைன்ல பண்ற மாதிரி பண்ணக் கூடாது. மிச்சமும் வரட்டும்" என்றேன். எனக்குத் தைரியம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. குழியில் கிடந்த அந்த முந்தின மஞ்சளை நான் என் கையால் பிடுங்கியிருந்தேன். அதற்கு வேறு எந்தக் காரணமும் பொருந்தவில்லை.

இரண்டாவது விரிந்த பூ ஆரஞ்சு. மூன்றாவதும் ஆரஞ்சு. அதற்குப் பிறகு அந்த வரிசை முழுக்க, பண்டிகையெல்லாம் முடிந்து யாருக்கும் வேண்டாத நேரத்தில், ஆரஞ்சும் நடுவில் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளியது. என் வேலைக் காலத்தில் அவ்வளவு அழகாக ஒரு பாத்தி பூத்து நான் பார்த்ததில்லை.

மேடம் வந்தார். வரிசை நெடுக நடந்து பார்த்துவிட்டு, எங்கள் எல்லாரையும் அங்கேயே கூப்பிட்டார். இரண்டு போகத்துக்கு முன்னால் இந்த விதைப் பாத்திக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். எல்லாருக்கும் நினைவு வந்தது. பின்பக்கத்து போர்வெல் வற்றிப் போனதால் அங்கே போட வேண்டிய பின்பூவை முன்பக்கம் கொண்டுவந்து போட்டிருந்தோம். அந்த வருடம் மழை பெய்து முன்பூ நீண்டு பூத்தது, பின்பூ கொஞ்சம் முந்தியது. இரண்டும் சில நாள் சேர்ந்து பூத்தன. தேனீக்களுக்கு அது போதும். அந்த விதையில் வந்த அடுத்த போகம் குறையே இல்லாமல் ஆரஞ்சாக நின்றது. நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

"அங்க போடலாம்னு நான்தான் கேட்டேன்" என்றார் மாஸ்டர்.

"சரின்னு சொன்னது நான்" என்றார் மேடம்.

அந்தப் போகத்தில் ஷகீலா தோட்டத்துக்கே வந்திருக்கவில்லை. ஷூ கம்பெனியில் நிறுத்தப்பட்டு, வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த விதை முழுவதையும் கொட்டிவிட்டோம். அதற்கு முந்தைய காலத்து விதை குளிர்பெட்டியில் கொஞ்சம் இருந்தது. அதிலிருந்து மறுபடி தொடங்கினோம். சொன்னபடி கம்பெனிக்காரர்களுக்கும் நடந்ததைச் சொன்னோம். அடுத்த முறை அவர்கள் வந்தபோது முதலில் கிழக்கு வரிசையைத்தான் காட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு போகத்திலும் அந்த ஒரு வரிசையில் எதையும் பிடுங்குவதில்லை. எது முந்துகிறது, எது பிந்துகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று கடைசிச் செடி பூக்கும்வரை விட்டுவைக்கிறோம். பாத்தியின் உண்மையான முகம் அதுதான். மற்றதெல்லாம் நாம் சீவி முடித்த தலை.

பூக்கும் நேரத்தோடு வேலை செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இன்றைக்குக் கண்ணில் படுகிற கோளாறு இன்றைக்கு நடந்ததாக இருக்காது. அது நடந்தபோது அழகாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு போகம் பின்னால் போய்ப் பாருங்கள். தேடுவதற்கு வேண்டியதை உங்கள் கையாலேயே பிடுங்கிக் குழியில் போட்டுவிடாதீர்கள்.

மேடம் பேசி முடித்த அன்று சாயங்காலம் மாஸ்டர் ஷகீலா களை எடுத்துக்கொண்டிருந்த பாத்திக்கு நடந்து வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"அந்த ரூமைத் தொறந்தாலே எனக்குத் தும்மல் வருது. நீயே வெச்சுக்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினி நாளு இது உங்ககிட்ட இருந்துச்சு, மாஸ்டர். உள்ள ஏதாவது கலந்திருந்தா கடைசியா தொட்ட கை யாருது?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கிழக்குப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலில் சிரித்தது அவர்தான்.

இப்போது உங்களுக்கு விதை ரூமில் வேலை சொல்லித் தருகிறவள் அவள்தான். கை கழுவச் சொன்னால் கழுவுங்கள், சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் வேண்டுமானால் ஆயுத பூஜைக்குப் பூ பறித்துக்கொள்ளுங்கள். செடியை மட்டும் விட்டுவிடுங்கள்.